பதினேழு சதவீதம்

நல்ல படம் ஏதாவது சொல்லுங்கள் என்கிறீர்கள்.
இருங்கள். அவ்வளவு சுலபமாக
இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை.

போன மாசியில், கொரடாச்சேரிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையக் களத்தில்
என் நெல் பதினோரு நாள் கிடந்தது.
எனக்கு முன்னால் நாற்பத்திரண்டு குவியல்.
சாக்கு வரவில்லை என்றார்கள்.
சாக்கு வந்ததும் லாரி வரவில்லை என்றார்கள்.
லாரி வந்த அன்று
எடை போடுபவரின் மைத்துனிக்கு வளைகாப்பு.

இரவானால் குவியலுக்கு ஒரு கைபேசி எரியும்.
பனியில் நனைந்த தார்ப்பாய்களுக்கு நடுவே
ஆளுக்கொரு நாட்டில் இருப்போம்.
விடிந்ததும் பல் துலக்கிக்கொண்டே
பார்த்ததை அடுத்தவர் தலையில் கட்டுவோம்.

பக்கத்துக் குவியல் ஜக்கரியா ராவுத்தர்
ஒரு மலையாளத் தொடரைச் சொன்னார்:
"மொத ரெண்டு பாகம் இழுவைதான்.
பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிட்டா அப்புறம் பறக்கும்."
கடித்தேன்.
இரண்டாம் பாகம் முடியும்போது
அன்றைய டேட்டாவும் முடிந்தது.
எனக்கு அது இன்றுவரை இழுவைதான்.

சுமை தூக்கும் அமிர்தலிங்கத்துக்கு
எந்தப் படத்தைச் சொன்னாலும் ஒரே கேள்வி:
"கடைசில யாரும் சாவலையே?"
செத்தால் வேண்டாம்.
பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவன்
ராத்திரி ஒரு பிணத்தையும் தூக்கமாட்டான்.

பட்டியல் எழுத்தர் பெலிக்ஸ் ஒரு நாவல் கொடுத்தார்.
அறுநூறு பக்கம். முதுகு பிய்ந்து
சாக்குத் தைக்கும் சணலால் தைத்தது.
"அவசரமில்ல, மெதுவாப் படிங்க" என்றார்.
அதைவிடப் பெரிய மிரட்டலை
அந்த நிலையத்தில் யாரும் எனக்கு விட்டதில்லை.

கேனில் டீ கொண்டுவரும் பூங்கோதை
தான் பார்க்கும் சீரியலைச் சொல்வாள்.
மாமியார் கதவைத் திறக்கும் இடத்தில்
கேன் குழாயை மூடிவிட்டுப் பேச்சை நிறுத்துவாள்.
பாதி தம்ளரோடு நிற்போம்.
ஒருநாள் ஆசையில் அதையே போட்டுப் பார்த்தேன்.
கதவு சும்மா திறந்தது.

எட்டாம் நாள் ராத்திரி அப்பாவுக்கு மாற்றாகக்
காவலுக்கு வந்தான் நிரஞ்சன்,
கோவையில் பொறியியல் படிப்பவன்.
"அக்கா, ஒரு கொரியப் படம் இருக்கு.
பாத்தா ஒரு வாரம் தூக்கம் வராது."
எனக்கு ஏற்கனவே வரவில்லை.
ஆனாலும் பார்த்தேன்.

முதல் காட்சியில் மழை.
சரி, நின்றுவிடும் என்றிருந்தேன்.
கல்யாணத்தில் மழை. கடிதம் கிழிக்கும்போது மழை.
ஓட்டில், குடையில், பேருந்துக் கண்ணாடியில்,
அழுகிறாளா என்றே தெரியாதபடி அவள் முகத்தில்.
மூன்று முறை எழுந்துபோய்த்
தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.
மேலே நட்சத்திரம் பொரிந்துகிடந்தது.
நான்காம் முறை
குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன்.

காலையில் ஈரப்பதக் கருவி பத்தொன்பது காட்டியது.
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
பனி என்றார் பெலிக்ஸ்.
படம் என்றேன் நான்.

நிரஞ்சனைப் பிடித்துக் கேட்டேன்,
"அதை நீ எங்க வச்சுப் பாத்த?"
"ஹாஸ்டல்லக்கா. செமஸ்டர் முடிஞ்ச அன்னிக்கு,
போர்வைக்குள்ள."

அதனால்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்:
உங்கள் நெல் இப்போது எங்கே கிடக்கிறது?
வயலிலா, களத்திலா, காசாகி வங்கியிலா?
நகை மூழ்கும் தேதி ஏதும் நெருங்குகிறதா?
வீட்டில் யாருக்காவது
ஸ்கேன் முடிவு வரவேண்டியிருக்கிறதா?
அதைச் சொல்லுங்கள், படத்தைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் வெயிலில் கிளறிக் கிளறிப்
பதினாறே முக்காலுக்குப் போட்டேன்.
பங்குனியில் பணம் ஏறியது.
அன்று ராத்திரி ஃபேனைப் போட்டுக்கொண்டு
அதே படத்தை மறுபடி பார்த்தேன்.
கடைசியில் அந்தப் பெண்
கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்காமல்
உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.
களத்தில் அது என் கண்ணிலேயே படவில்லை.

நல்ல படம்தான்.
நிரஞ்சனிடம் இன்னும் சொல்லவில்லை.